பரிந்துரைக் குழுவில் எனக்கு ஓர் இடம்

எங்கள் மாவட்ட அறிவியல் சங்கங்களின் கூட்டமைப்பில் அந்த வருஷ விருது எனக்குத்தான் என்று பேச்சு கிளம்பிய வாரத்தில் தலைவர் போன் செய்தார்.

“மேடம், உங்கள பரிந்துரைக் குழுவுல போட்டுகீறோம். இதவிட பெரிய கௌரவம் இன்னா இருக்கு?”

அந்தக் குழுதான் அடுத்த நிர்வாகிகளையும் விருது பெறுபவரையும் பரிந்துரைக்கும். பூரித்துப்போய்ச் சரி என்றேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

விருதின் மேல் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் கிளம்பி, சுற்றுவட்டார ஊர்களின் குடிதண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து சோதித்துச் சொல்வேன். ஓர் ஊரில் பள்ளிக்கூடத்து போர்வெல் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஊராட்சித் தலைவர் அசையவில்லை. “கம்பெனில வேல செய்ற பொம்பள சொல்றதக் கேட்டுகினு போர மூட முடியுமாம்மா? பெரிய ஆளு யாராவது சொல்லட்டும்” என்றார். விருது வாங்கினால் நானும் பெரிய ஆளாகிவிடுவேன் என்று நினைத்தேன். பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

குழு திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கூடியது. முதலில் நிர்வாகிகள். கூட்டத்துக்கு வராதவரைப் பொருளாளராக்குவது எங்கள் வழக்கம். வந்தவர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த முறை வராதவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு வாழ்த்துச் சொன்னோம்.

“இன்னா சார் இது, பேஜாரு! பொண்ணுக்குக் காய்ச்சல்னு ஒருநாள் வரல, அதுக்கு இப்டியா?” என்று அலறினார். ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்து விருது. இரண்டு மூன்று சங்கங்கள் என் பெயரை அனுப்பியிருந்தன. தலைவர் தொண்டையைச் செருமினார். “குழுவுல இருக்கறவங்களுக்கு விருது தரக்கூடாதுன்னு விதி கீதே, மேடம்.”

“அப்படின்னா நான் விலகிக்கிறேன் சார்.”

“விலகினாலும் இந்த வருஷம் முடியாது. போன வருஷம் ஒருத்தர் அப்டித்தான் விலகப் பாத்தாரு.”

போன வருஷமும் ஒருவருக்கு இதே கௌரவம் கிடைத்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

விருது திருநின்றவூர்ப் பேராசிரியர் ஒருவருக்கு முடிவானது. தலைவரின் சம்பந்தி. நல்ல மனுஷர்தான், பாவம். ஆனால் என்ன சாதனை என்று போடுவது? என் தண்ணீர் சோதனை முகாம் ஒன்றை அவர் ரிப்பன் வெட்டித் தொடங்கிவைத்தது யாருக்கோ ஞாபகம் வந்தது. ‘தண்ணீர் பாதுகாப்புக்காக’ என்று எழுதிக்கொண்டார்கள்.

விழா முடிந்ததும் பேராசிரியரே என்னிடம் வந்தார். “எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. நா இன்னா செய்யணும், சொல்லுங்க” என்றார். அவரிடம் கோபத்தைக் காட்ட மனம் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். மாலை, சால்வை, டீ எல்லாம் ஆனது. என் சோதனை முடிவை அவர் வாசித்தார். அன்று சாயங்காலமே போர்வெல்லை மூடிவிட்டு, தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அழுகை முட்டியது, பாதி சந்தோஷத்தில்தான். ஊராட்சித் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கடிந்துகொண்டார்.

“ஏம்மா, பசங்க இவ்ளோ நாளா அந்தத் தண்ணியக் குடிச்சிகினு இருந்துதுங்களே. இவர முன்னாடியே இட்டுகினு வந்திருக்கக் கூடாதா?”