பால்காரி செல்லத்தின் லைசென்ஸ்

மலாய் நாட்டுக் கோத்தா திங்கியில் பால் விற்க லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்தபோது செல்லம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேச அவளுக்கு நேரமும் இல்லை. மூன்று மாடுகளுக்குப் புல், சாணி வாருதல், இரண்டு வேளைக் கறவை, பிறகு வீடு வீடாகப் போய் ஊற்றிவிட்டு வருதல். பொழுது அதிலேயே போய்விடும்.

அது முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்தபோது அவள் புருஷன் அய்யாவுக்கு வேலை போனது. வேலை போனவர்களையெல்லாம் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாடுகள் இருந்ததால் இவர்கள் தங்கிவிட்டார்கள். பால் விற்க முடியாமல் போனால் இவர்களுக்கும் கப்பல்தான். ஊரில் போய் இறங்க இவர்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை.

நான் அப்போது அங்கே இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் நர்ஸ். ஊரார் மிஸ்ஸி என்பார்கள். எங்கள் வார்டுக்குப் பால் செல்லத்திடமிருந்துதான் வந்தது. சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆற்றுத் தண்ணீரில் அலசிய டின்னில் வந்த பாலைக் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கோடு வந்த பிள்ளைகளை நான் கழுவித் துடைத்திருக்கிறேன். சில பிள்ளைகளைத் துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்துமிருக்கிறேன். யாராவது வந்து கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் கேள்விகள் ஓயவில்லை. முதலில் கொட்டகைக்குச் சாக்கடை வெட்டச் சொன்னார்கள். வெட்டினார்கள். பிறகு டின்னுக்கு மூடி, கறக்கிறவர் கைக்குச் சோப்பு, மாட்டுக்கு நம்பர் தகடு. அடுத்து மண் தரை கூடாது, சிமெண்டுத் தரை வேண்டும் என்று வந்தது. செல்லத்தின் காதுத் தோடு சிமெண்டாகி மாட்டின் காலுக்கடியில் போனது.

"எனக்கு மண் தரை, மாட்டுக்கு சிமெண்டுத் தரை. அடுத்த பொறப்புல உன் கொட்டாயிலதான் வந்து பொறக்கணும்" என்றான் அய்யாவு.

"பொறந்து வாங்க. பாலு குடுக்கலைன்னா வித்துடுவேன்" என்றாள் செல்லம்.

புதுத் தரை வழவழவென்றிருந்தது. தினம் இரண்டு வேளை கழுவ வேண்டும் என்பதும் விதி. ஈரத்தில் மாடுகள் காலை அகட்டி வைத்து, இறங்கப் பயந்தவை போல நின்றன. செல்லம் பழைய சாக்குகளைப் பிரித்து விரித்தாள். அவள் மாடுகளில் செவலைதான் நல்ல கறவை. அது சாக்கின்மேல் நின்றால்தான் மடியைத் தளரவிடும்.

லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் யூசோப் கொட்டகைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பால் போகிற இடம் என்பதால் என்னையும் கூட்டிவந்திருந்தார். அவருக்கு மலாயும் இங்கிலீஷும்தான் தெரியும். செல்லத்துக்குச் சந்தை மலாய் வரும், ஆபீஸ் மலாய் புரியாது. அதனால் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி மணியம் உடன் வந்து தமிழில் சொன்னார். மணியம் சின்ன வயசுக்காரர். எல்லோரையும் அக்கா என்பார்.

இன்ஸ்பெக்டர் பாலை உயரமான ஜாடியில் ஊற்றி, கண்ணாடிக் குழல் ஒன்றை மிதக்கவிட்டுப் பார்த்தார். பால் தண்ணீராக இருந்தால் குழல் அமிழும். அமிழவில்லை. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. எல்லாப் பால்காரர்களிடமும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்கச் சொன்னார். மணியம் காகிதத்தைப் பார்த்தபடியே, பாலில் தண்ணீர் சேர்ப்பதுண்டா என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்பார்கள், அவரும் இல்லை என்று எழுதிக்கொள்வார்.

"ஒரு கை ஊத்துவேங்க" என்றாள் செல்லம்.

மணியம் நிமிர்ந்தார். "யோசிச்சுச் சொல்லுங்கக்கா. செம்பைக் கழுவுனப்ப ஒட்டியிருந்த தண்ணிதானே?"

"இல்லீங்க தம்பி. கறக்குறதுக்கு முன்ன நானேதான் ஊத்துறேன். வெறுஞ் செம்புல கறக்கக் கூடாதில்ல. தண்ணி படாத பாலை யாராவது அடுப்புல வெச்சிட்டா மாட்டுக்கு மடி வெந்துரும்."

இதை அவள் ஒளித்ததில்லை. ஒளிக்க வேண்டியது என்று தோன்றினால்தானே ஒளிப்பாள்? அவளுக்குத் தெரிந்து மாடு வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் இப்படித்தான். பாலைப் பெருக்க ஊற்றுகிற தண்ணீர் வேறு, மாட்டுக்காக ஊற்றுகிற தண்ணீர் வேறு. முதலாவதைத்தான் திருட்டு என்பார்கள். விதியில் இரண்டும் ஒன்று.

மணியத்துக்கு வேறு வழியில்லை, அதை மலாயில் சொன்னார். யூசோப் கெட்ட மனிதர் அல்ல. இரண்டாம் முறையும் கேட்கச் சொன்னார். செல்லம் அதே பதிலைச் சொன்னாள். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, லைசென்ஸை நிறுத்திவைத்திருப்பதாகவும், மறு உத்தரவு வரும்வரை பால் விற்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

லைசென்ஸ் நின்றதற்காக மாடு கறவையை நிறுத்தாது. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். கறந்த பாலை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றினாள். மீதி மாரியம்மன் கோயிலுக்குப் போனது. அம்மனுக்கு இவ்வளவு பால் அபிஷேகம் நடந்து ஊரார் பார்த்ததில்லை. அம்மன் மட்டும் லைசென்ஸ் கேட்காத வாடிக்கை என்று அய்யாவு சொல்லிக்கொண்டு திரிந்தான். வீட்டில் அரிசி குறைந்துகொண்டு வந்தது. வார்டில் பிள்ளைகளுக்கு டின் பால் கொடுத்தோம். அதில் சர்க்கரைதான் அதிகம். பிள்ளைகள் குடித்தார்கள், உடம்பு தேறவில்லை.

நான் மணியத்திடம் போய் விதிகளை முழுக்கப் படித்துச் சொல்லச் சொன்னேன். ஒரு விதியில், கறக்கும் முன் பாத்திரத்தைக் கொதித்து ஆறிய நீரால் அலச வேண்டும் என்றிருந்தது. துடைக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. துடைக்கிற துணியில் அழுக்கு இருக்கும் என்பதால் ஆஸ்பத்திரியிலும் நாங்கள் துடைப்பதில்லை. அன்று சாயங்காலமே செல்லத்திடம் போனேன்.

"செம்பை அலசி ஒரு தரம் கவுத்துட்டுக் கறங்கக்கா. கையால ஊத்த வேணாம்."

"கவுத்துட்டா என்ன நிக்கும் மிஸ்ஸி?"

"நாலு சொட்டு நிக்கும்."

அவள் செவலையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நாலு சொட்டும் தண்ணிதான்" என்றாள். மாட்டிடம் சொன்ன மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்தார். அலசினாள், கவிழ்த்தாள், கறந்தாள். லைசென்ஸ் திரும்பியது. ஆனால் இந்தமுறை அவர் கண் தரையில் இருந்த சாக்குகள்மேல் விழுந்தது. மூத்திரம் ஊறும், ஈ முட்டையிடும், எடுத்துவிட வேண்டும் என்றார். மாடு வழுக்கும் என்று நான் சொன்னேன். சிமெண்டில் கோடு கீறினால் வழுக்காது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் விதியில் தரை வழவழப்பாக இருக்க வேண்டும் என்றிருந்தது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். எழுதவும் எழுதினார். அதுவரை சாக்கு கூடாது.

செல்லம் சாக்குகளைச் சுருட்டி வெளியே வைத்தாள். பால் மறுபடி வார்டுக்கு வந்தது.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை, கழுவிய தரையில் செவலை பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாக விரிய விழுந்துவிட்டது. அய்யாவு அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு மூங்கில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். நிற்கவில்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது. நான் ட்யூட்டி முடிந்து போகும்போதெல்லாம், படுத்த படுக்கையான நோயாளியைப் புரட்டுவதுபோல மாட்டை நாலு பேராகப் பக்கம் மாற்றிப் போட்டோம். புண் வராமல் பார்த்துக்கொள்ளலாம், இடுப்பை ஒட்ட வைக்க முடியாது. மாடு தீனியை நிறுத்தியது. பிறகு போய்விட்டது.

புதைத்துவிட்டு வந்து செல்லம் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நாலு சொட்டு போதல மிஸ்ஸி."

"தரை வழுக்கிச்சுக்கா. தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"மத்த ரெண்டும் அதே தரையிலதான் நிக்குது. அதுங்க பாலு நான் விக்கல. அதுங்க வழுக்கல."

மற்ற இரண்டும் சினை மாடுகள், வற்றிக் கிடந்தவை, நடமாட்டமும் குறைவு. கறவைக்காக முன்னும் பின்னும் நடத்தியது செவலையைத்தான். இதை எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவள் கணக்கு மாறவில்லை. மாட்டைப் பறிகொடுத்தவளிடம் வாதாடிப் பயனில்லை.

மாடுகள் கன்று போடும் நேரம் நெருங்கியபோது கொட்டகை வாசலில் மாட்டியிருந்த லைசென்ஸ் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். எனக்கும் அங்கே ஆஸ்பத்திரிப் பால் விஷயமாக வேலை இருந்தது, கூடப் போனேன். யூசோப்புக்கு அவளைப் பார்த்ததும் சந்தோஷம். தரையில் கோடு கீற மேலிடம் அனுமதித்துவிட்டது, செவலையைப் பற்றிக் கேள்விப்பட்டு வருந்தினேன், இனி பயமில்லை என்று மணியம் மூலம் சொன்னார்.

செல்லம் தகட்டை மேசைமேல் வைத்தாள். "இன்ஸ்பெக்டர் துவான் நல்லவரு, நல்லா இருக்கட்டும். கோடும் வேணாம் தம்பி. ஒரு கை தண்ணிக்கு விட்டாத்தான் எனக்குக் கறக்க வரும். விடுவாங்களான்னு கேளுங்க."

மணியம் கேட்டார். இன்ஸ்பெக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். முடியாது. ஒருத்திக்கு ஒரு கை என்று விட்டால் ஊருக்கே ஒரு குடம் விட வேண்டிவரும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அப்ப சரி" என்றாள் செல்லம். அவளுக்குக் கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தாள்.

இரண்டு மாடுகளையும் கூலாய் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் ஓட்டிப்போனார். கப்பலேறாமல் இருக்க ஏதாவது வேலை வேண்டுமே. பெரிய டாக்டரிடம் நான் சொன்னேன். வார்டில் ஆயா வேலை கிடைத்தது. கை சுத்தம், பிள்ளைகளைத் தூக்கத் தெரிந்தவள், ராப்பகல் பார்க்காதவள். எனக்கு வேறென்ன வேண்டும்?

வேலைக்கு வந்த முதல் நாள் பிள்ளைகளுக்குப் பால் கலக்கச் சொல்லிக் கொடுத்தேன். டின்னைத் திறந்து, அளவுக் கோப்பையில் கெட்டிப் பாலை ஊற்றி, கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடுவரை சேர்க்க வேண்டும். அது ஆஸ்பத்திரி விதி. அவள் தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"இதுல ஊத்தலாமா மிஸ்ஸி?"

"ஊத்தணும். அந்தக் கோடு வரைக்கும்."

கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டைப் பார்த்தாள். ஒரு கைக்கு எத்தனையோ மடங்கு இருந்தது. கோடுவரை ஊற்றிவிட்டு அடுத்த டின்னை எடுத்தாள்.