எழுபத்தொன்பதா, எண்பத்தாறா?

அக்கராயனில் வயல் செய்யும் ஆண்டியப்பனுக்கு அடையாள அட்டைப்படி வயது எழுபத்தொன்பது. உண்மையில் எண்பத்தாறு! மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தில் வன்னிக்கு ஓடிவந்தபோது, இளம் ஆளென்றால்தான் காணி தருவார்கள் என்று யாரோ சொல்ல, ஏழு வருடத்தைக் குறைத்துப் பதிந்துவிட்டார். அந்தக் காணியில் உழைத்துத்தான் மகள் சிவரூபியை வளர்த்தார். போரில் இடம்பெயர்ந்து, அது முடிந்து ஊர் திரும்பியபோது, கூடாரம் அடிக்கும் முன்பே மண்வெட்டியோடு வரம்பில் நின்றார். எப்பேர்ப்பட்ட மனிதர்!

இப்போது மூன்று வாய் சோறு உள்ளே போனால் நான்காவது திரும்பி வருகிறது. இரைப்பையில் புற்றுநோய்.

வவுனியாவில் சத்திரசிகிச்சை டொக்டர் அட்டையைப் பார்த்தார்.

"இரைப்பையிலை முக்கால்வாசியை எடுக்கோணும். பாரமான ஒப்பரேசன். எழுபத்தொன்பதெண்டால் செய்து பாக்கலாம். இன்னும் வயசு கூடின ஆக்களுக்கு நான் பயப்படுவன். வெட்டினது சரிவந்தாலும் பிறகு சளி நெஞ்சைப் பிடிக்கும், உள்தையல் விடும்."

மேசைக்குக் கீழே அப்பா சிவரூபியின் கையைக் கிள்ளினார்.

வெளியே வந்ததும் அவள் வெடித்தாள். "ஏழு வருசத்தை அட்டையிலை ஒளிக்கலாம் அப்பா, நெஞ்சுக்குள்ளை ஒளிக்கேலுமே?"

"சொன்னா வெட்ட மாட்டாரு. பட்டினி கெடந்து சாவவா?"

"சொல்லாட்டி ஒப்பரேசன் மேசையிலையே போயிடுவீங்கள்."

"காணிக்கு எளந்தாரி, கத்திக்குக் கெழவனா? வாய மூடு புள்ள."

சொன்னால் அப்பாவைப் பட்டினி போட்டவள். சொல்லாவிட்டால் கொன்றவள். சிவரூபி திரும்ப உள்ளே போய் டொக்டரிடம் உண்மை வயதைச் சொல்லிவிட்டாள்.

டொக்டர் ஏசவில்லை. ஆண்டியப்பனை விறாந்தையில் நடக்கவிட்டார். பாதியிலேயே மூச்சு வாங்கியது.

"வயசை விட்டாலும் இந்த மூச்சு பெரிய ஒப்பரேசனைத் தாங்காது. சாப்பாடு இறங்க ஒரு வழி மட்டும் போடலாம். கட்டி உள்ளைதான் இருக்கும். இதிலையும் ஆபத்து இருக்கு, ஐயா."

"கஞ்சி எறங்குமா?"

"இறங்கும் எண்டுதான் நம்புறன். எவ்வளவு காலத்துக்கெண்டு சொல்லேலாது."

ஆண்டியப்பன் கையெழுத்து வைத்தார். அதன்பின் இரண்டு நாள் மகளோடு கதைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை, தள்ளுவண்டி ஒப்பரேசன் தியேட்டர் வாசலில் நின்றது. பச்சை உடுப்புக்குள் அவர் இன்னும் சிறுத்துக் கிடந்தார்.

"புள்ள."

"என்னப்பா?"

"பயமா இருக்கு."

"எனக்கும்தான் அப்பா."

"போயிறாத. இங்கனயே நில்லு."

கதவு மூடியது. கதிரை இருந்தும் சிவரூபி உட்காரவில்லை.