தேர் நிலைக்கு வருவதற்குள்

காலை பத்தே கால் மணிக்கு அதிர்வேட்டுச் சத்தம் கேட்டது. செவிலிமேட்டில் எங்கள் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று ஈரக் கையோடு ஊர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். சற்று நேரத்தில் கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது. மின்சாரம் வந்துவிட்டது.

தேரன்று இதுதான் வழக்கம். தேர் கிளம்பும்போது மின்சாரத்தை நிறுத்துவார்கள். அது சுற்றி வந்து நிலையில் நின்றதும் வேட்டுப் போடுவார்கள். அதன் பிறகு மின்சாரம் வரும். யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

அன்று தேர் நிலைக்கு வரவில்லை. பாதி வழியில் ஒரு திருப்பத்தில் நின்றிருந்தது. தங்கள் வாசலில் சாமி நின்ற சந்தோஷத்தில் யாரோ வெடி போட்டிருக்கிறார்கள். மின்சாரத்தைத் திரும்ப விட்டவரும் என்னைப் போலவே நினைத்துவிட்டார். தேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் மகள் அப்போது பாலாற்றை ஒட்டிய ஒரு காலனியில் வேலையில் இருந்தாள். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர் வேலை. அந்தக் காலனியில் பல வீடுகளுக்கு அதுவரை மின்சாரம் கிடையாது. கம்பம் நட்டு, கம்பி இழுத்தாகிவிட்டது. பழைய லைனோடு சேர்ப்பதுதான் பாக்கி. அதற்கென்று தனியாக அனுமதி வாங்கி லைனை நிறுத்த வேண்டும். வாங்க நாளாகும். தேருக்காக எப்படியும் நிறுத்துகிறார்களே, அதற்குள் முடித்துவிடலாம் என்பது அந்த வேலைக்காரர்களின் பழக்கம்.

கம்பத்தில் ஏறியவர் அந்தக் காலனிக்காரர். என் மகள் அவரை அண்ணா என்று கூப்பிடுவாள். நடந்ததை அவள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள்.

"எர்த் ராடு மாட்டிட்டு ஏறுங்கண்ணா" என்றிருக்கிறாள். தப்பித் தவறி மின்சாரம் வந்தாலும் அதைத் தரைக்கு இறக்கிவிடும் கம்பி அது.

"அது குடோன்ல கீதுமா. எடுத்தாறதுக்குள்ள தேரே வந்துடும். சாமி ரோட்ல போய்க்கினு இருக்கசொல்ல எவன்மா கரண்ட் வுடப்போறான்?"

கீழே நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். "மேடத்துக்குச் சாமி மேல நம்பிக்க இல்லபா!"

அவளும் சிரித்துவிட்டு, "சரி, ஏறுங்கண்ணா" என்றிருக்கிறாள்.

வேட்டுச் சத்தம் அங்கேயும் கேட்டதாம். இறங்குங்கள் என்று கத்த வாய் திறந்தாளாம். அதற்குள் கம்பியில் மின்சாரம் வந்துவிட்டது.

அதன் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. சாப்பிடு என்றால் இரண்டு வாய் சாப்பிடுவாள். வீட்டில் நான் எந்த ஸ்விட்சில் கை வைத்தாலும், உள்ளேயிருந்து குரல் வரும்: "அம்மா, மேல யாருனா இருக்காங்களா?" மிக்சி போட்டாலும் அதே கேள்விதான். "யாரும் இல்லம்மா" என்று சொன்ன பிறகுதான் போடுவேன். அவள் அறைத் தாழ்ப்பாளை நானே கழற்றிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் வேலைக்குப் போனாலும் மனம் வீட்டிலேயே இருக்கும். மதியம் போன் செய்வேன். எடுக்கத் தாமதமானால் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, போய்ப் பார்க்கச் சொல்வேன். மருத்துவரிடமும் அழைத்துப் போனேன். அவர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

துக்கத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன். இறந்தவரைப் பெற்ற அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசலுக்கு நேரே புதுக் கம்பம் நின்றது. வேலை அப்படியே நின்றுபோயிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த அம்மாதான். தனியாக, டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். காலில் விழவும் தயாராக இருந்தேன்.

"உள்ள வாங்கம்மா" என்றேன்.

"ஒக்கார வரல. உன் பொண்ண கூப்புடு."

மகள் அறை வாசலுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா அவளை வெகுநேரம் பார்த்தார். முகத்தில் கோபம் போகவில்லை.

"எங்க ஊட்ல இன்னும் இருட்டாத்தான் கீது" என்றார். "வேற ஆள அனுப்புறேன்னு உங்க கான்ட்ராக்டர் சொன்னான். வேணாம்னுட்டேன். ஏறச் சொன்னது நீ, நீயே வந்து முடிச்சிக் குடு. இந்த வாட்டி ஸ்விட்ச் கிட்ட ஒரு ஆள நிக்க வெச்சிட்டு ஏத்து."