மாமா போட்ட கையெழுத்து

யாரையும் கேட்காமல் எங்கள் வீட்டுக்குள் வந்து போகிற உரிமை மாமா ஒருவருக்குத்தான் இருந்தது. அம்மாவின் தம்பி. குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். மாங்காட்டில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு மேலே வருவார், செருப்பைத் திசைக்கொன்றாக உதறுவார், நேராக ஃப்ரிட்ஜுக்குப் போவார். தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டே, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும் செய்தியை மாற்றிப் பாட்டு வைப்பார். வேறு யாராவது ரிமோட்டைத் தொட்டால் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாமாவை மட்டும் "வந்துட்டான்யா" என்று சொல்லி விட்டுவிடுவார். காலிங் பெல் என்று ஒன்று இருப்பதே இவனுக்குத் தெரியாது என்பாள் அம்மா.

அப்பா இதற்கு நேர் எதிர். ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவர், வீட்டிலும் கொள்முதல் பிரிவாகவே இருந்தார். கேஸ் சிலிண்டர் ரசீதைக்கூட முன்னும் பின்னும் திருப்பிப் படித்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். சிலிண்டர் கொண்டுவந்தவர் பாவம், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது குமணன்சாவடிப் பக்கம் ஒரு காலி மனையில் சிமெண்ட் தளம் போட்டு, சுற்றிக் கம்பி வேலி கட்டி, ஸ்கேட்டிங் வகுப்பு ஆரம்பித்தார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் சேர்ந்துவிட்டார்கள். சேருவதற்கு ஒரு படிவம். அதை வாங்கிவந்து அப்பாவிடம் நீட்டினேன். வழக்கம்போல முழுசாகப் படித்தார். கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: பயிற்சியின்போது குழந்தைக்குக் காயமோ ஊனமோ உயிரிழப்போ ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல, எந்த நஷ்டஈடும் கேட்கமாட்டேன்.

"பெத்த பொண்ணு செத்தாலும் வாயத் தொறக்க மாட்டேன்னு நான் எழுதிக் குடுக்கணுமா? நல்லாயிருக்கே கதை!"

எல்லா அப்பாவும் போட்டிருக்கிறார்கள் என்று அழுதேன். அவங்கல்லாம் படிக்காமப் போட்டிருப்பாங்க என்றார். அது முழு உண்மை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, இந்த மனுஷனுக்கு என்மேல் பாசமே இல்லை என்று முடிவுகட்டிச் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் மாமா வந்தார். "இன்னா கண்ணு, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

சொன்னேன்.

"அட, இதுக்கா அயுதுகினு கீற? வா, வண்டில ஏறு."

பயிற்சியாளர் மாமாவைப் பார்த்து, நீங்கள் பாப்பாவுக்கு அப்பாவா என்று கேட்டார். தாய்மாமன் என்றார் மாமா. அப்படியென்றால் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிவாருங்கள் என்றார் அவர். மாமாவுக்குச் சுருக்கென்றது.

"இன்னா சார் இப்டி சொல்லிட்ட? இதுக்கு மொட்ட அட்சி காது குத்துனப்போ யார் மடில குந்தினு இருந்துச்சு? எம் மடில. அவங்கப்பா மடிலயா? நாளிக்கு சடங்குன்னா மொத மால நான்தான் போடணும், வேற எவனும் போட முடியாது. இத்துனூண்டு கையெய்த்து நான் போடக் கூடாதா?"

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே பேனாவைக் கொடுத்தார். படிவத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் மாமா. படித்தேன். உயிரிழப்பு என்ற சொல் வந்ததும் அவருடைய முகம் ஒரு கணம் மாறியது. பிறகு தலையை உதறிக்கொண்டார்.

"தியேட்டர் ஸ்டாண்டுல போட்டுகீறானே, வண்டி காணாப்போனா நிர்வாகம் பொறுப்பல்லன்னு, அந்த மாதிரிதான் கண்ணு இதுவும். போர்டு பாத்துட்டு எவனாச்சும் படம் பாக்காமத் திரும்பிப் போறானா?"

கையெழுத்துப் போட்டார். நான் ஆட்டோவில் ஆடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மாமா இதை ஒளிக்கவில்லை. அன்று மாலையே அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா கொஞ்ச நேரம் குதித்தார். அப்புறம், "நான் போடலப்பா. நீ போட்ட, நீயே பாத்துக்க" என்று சொல்லி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஸ்கேட்டிங் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே வந்து வேலி ஓரமாக நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். தன் கையெழுத்து இல்லாமல், மாமாவின் பொறுப்பில், அவரும் என்னை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

தளத்தின் மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. நான் விழுந்த அன்றைக்கு மோட்டாரை நிறுத்த மறந்திருக்கிறார்கள். தண்ணீர் வழிந்து வளைவு வரைக்கும் ஓடியிருந்தது. துடைக்காமலே வகுப்பை நடத்தினார்கள். நான் வேகமாக வந்தேன், சக்கரம் வழுக்கியது, இடது முழங்கை முதலில் தரையில் மோதியது. தகவல் போனதும் மாமா சவாரியை நடுரோட்டில் இறக்கிவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். அந்தக் கை இன்றும் முழுசாக நீளாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க வலது கைதான்.

அப்பா ஸ்கேட்டிங் வகுப்புக்குச் சண்டைபோடப் போனார். தண்ணீரை ஏன் துடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். அவர்கள் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, "உங்க ஆளுதான சார் போட்டிருக்காரு?" என்றார்களாம். அப்பா திரும்பி வந்துவிட்டார்.

அங்கே வராத பேச்செல்லாம் வீட்டில் வந்தது. மாமா என் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து எனக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணுக்குக் கையெழுத்துப் போட நீ யாருடா?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். "தாய்மாமன், மச்சான்."

"தாய்மாமன்னா சீர் செய்யறதோட நிறுத்திக்க. இந்த வீட்ல எதுவா இருந்தாலும் என்னக் கேட்டுட்டுச் செய்."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அப்பா அவளையும் அடக்கிவிட்டார். மாமா மீதிச் சுளைகளையும் உரித்துத் தட்டில் வைத்தார், தோலைப் பொறுக்கிக்கொண்டார், கீழே இறங்கிப் போனார். சண்டைச் சத்தத்தில் கார்ட்டூன் கேட்கவில்லை என்று நான் டிவியின் ஒலியைக் கூட்டிவைத்தேன். கடவுளே, அந்த வயதுக்கு அவ்வளவுதான் அறிவு.

அதற்கப்புறமும் மாமா வராமல் இல்லை. வந்தார், காலிங் பெல் அடித்துவிட்டு. கதவு திறக்கும்வரை வெளியே நின்றார். செருப்பைச் சேர்த்து வைத்தார். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒருநாள் அப்பாவே ரிமோட்டை அவர் பக்கம் நீட்டி, "பாட்டு வேணா வெச்சுக்கடா" என்றார். "பரவால்ல மச்சான், நீங்க பாருங்க" என்றார் மாமா. மாமாவுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வளர்ந்த பிறகு, வக்கீலாக இருக்கும் ஒரு தோழியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். தண்ணீரைத் துடைக்காமல் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு அந்தப் படிவத்தைக் காட்டித் தப்பித்துவிட முடியாது, கேஸ் போட்டிருந்தால் அவர்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். வெளியே எங்கேயும் பெரிய மதிப்பில்லாத ஒரு தாள், எங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகியிருக்கிறது.

கை ஆறி இரண்டு வருஷம் கழித்து எனக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. மாமா மேளதாளத்தோடு வந்தார். ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு சீர்த்தட்டு ஏந்தி வரிசையாக வந்தார்கள். அரக்கு நிறப் பட்டுப்பாவாடை, வளையல், ஆளுயர மாலை, எதிலும் குறைவைக்கவில்லை. என்னை மணையில் உட்காரவைத்து, தாய்மாமன் வந்து மாலை போடப்பா என்று யாரோ கூப்பிட்டார்கள்.

மாமா மாலையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்தார். கழுத்துக்கு நேராகத் தூக்கினார். அப்படியே நின்றார். அப்பா பக்கம் திரும்பினார்.

"போடட்டுங்களா மச்சான்?"

மண்டபமே சிரித்தது. தாய்மாமன் மாலை போட அனுமதி கேட்பதாவது! மச்சானைக் கலாய்க்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வீடியோக்காரர் இன்னொரு தடவை கேளுங்கண்ணா, சூப்பரா இருக்கு என்றார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார்.

அந்த வீடியோ இன்னும் வீட்டில் இருக்கிறது. மாமா மாலையோடு காத்துநிற்க, எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பது நான்தான்.