கேட்காமல் நின்ற இரண்டு காலைகள்

ஊர் விட்டு வந்து நான் குடியிருக்கும் கோலியர்ஸ் வுட்டில் எனக்கு வரும் கவுன்சில் கடிதங்களைப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர்தான் வாசித்துச் சொல்வார். எனக்குத் தமிழ் எழுத்தே தடக்கும், இங்கிலீஷ் எங்கே! அவர் மனைவி காலமான பிறகு, ஞாயிறுகளில் கிளப்புக்குப் போய்க் கைத்துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவதுதான் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம்.

தொண்ணூற்றேழில் ஆட்சி மாறியது. வென்றவர்கள், முந்தின அரசு விட்டுவைத்த சின்னக் கைத்துப்பாக்கிகளையும் தடை செய்தார்கள். நான் அவர்களுக்குத்தான் வாக்குப் போட்டேன். அதைக் கிழவரிடமே தலைநிமிர்ந்து சொன்னேன். ஊரில் இயக்கத்தில் சேர்ந்து சண்டைக்குத் துவக்குத் தூக்கப் போன என் மூத்த மகன் திரும்பி வரவில்லை. அந்தக் கதையை மட்டும் அவருக்கு நான் சொல்லவில்லை.

அடுத்த மாசியில் ஒரு காலை, அவர் கோட்டும் டையுமாகத் துப்பாக்கிப் பெட்டியோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். நான் ஏதாவது கேட்பேன் என்று பார்த்தார் போலும். நான் வாய் திறக்கவில்லை. அவர் போய்விட்டார்.

“பொலிசில குடுக்கப் போறாரம்மா. எங்க போறியள் எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றாள் மகள்.

“வெளிக்கிடுற மனிசனிட்ட அப்பிடிக் கேக்கிறதே? போற காரியம் சரிவராது. உன்னை ஆர் வளர்த்தது?”

அவர் என் மௌனத்தை வெற்றிக் கர்வம் என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகு என் கடிதங்களை மகள்தான் வாசித்தாள்.

போட்ட வாக்கைப் பிழை என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஊரில் மகன் பையோடு வாசல் படலையைத் திறந்து வெளிக்கிட்ட காலையிலும், வழக்கத்தை மீறாமல், நான் இப்படித்தான் கேட்காமல் நின்றேன்.