ஆசீர்வாதம் அண்ணனும் முதல் வார்த்தையும்

கடந்த செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்டு முடிந்து சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஜெபக்குழுச் செயலாளர் எதிரே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "ஆசீர்வாதம் அண்ணன் போயிட்டாருங்க. சாப்பிட்டுக் கை கழுவப் போனவரு அப்படியே உக்காந்துட்டாராம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம்தான். ஒரு விஷயத்தை என்னோடு சேர்ந்து அறிந்திருந்த ஒரே மனிதர் போய்விட்டார், இனி அது என் ஒருவன் தலையில் என்கிற பயம். துக்கம் அதற்குப் பிறகு வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது பொய் எழுதினால் அடுக்காது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அறுபதுகளில் நெய்வேலிக்கு வேலைக்கு வந்தவர். சுரங்கத்தின் அடியிலிருந்து கரியை மேலே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டுக்கு ஆபரேட்டர். எங்கள் பிளாக்கிலேயே குவார்ட்டர்ஸ். மனைவி எஸ்தர் அக்கா. பிள்ளைகள் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அவர் வீட்டு முன்னறையில் வேதப் படிப்பு நடக்கும். பாய் விரித்துப் பதினைந்து பேர் உட்காருவோம்.

அவர் வேதம் வாசிக்கும் விதமே தனி. எந்தப் பகுதியை எடுத்தாலும் ஒரே கேள்வி கேட்பார்: "அங்க வேற யாரு நின்னா?" நடக்கமுடியாத திமிர்வாதக்காரனை நண்பர்கள் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய சம்பவம் வந்தபோது, "ஆளை எறக்கினாங்க, சரி. அது யாரு வீட்டுக் கூரை? மழை வந்தா அந்த வீட்டுக்காரன் என்ன செஞ்சிருப்பான்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். "சிரிக்காதிய. ஒருத்தன் எந்திரிச்சு நடந்தான். இன்னொருத்தன் வீடு தொறந்து கெடக்கு. அவனையும் தேடிக் கண்டுபிடிச்சு வாசிக்கணும்லா?" அன்று வீட்டுக்குப் போய், பலமுறை வாசித்த அந்தப் பகுதியைப் புதிதாக வாசித்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு விபத்து நடந்தது. நான் அப்போது அடுத்த பெல்ட்டில் ஹெல்பர், இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. பெல்ட்டை ஓட்டுவதற்கு முன் ஹாரன் அடித்து, ஆட்கள் விலகக் காத்திருந்து, பிறகுதான் ஸ்விட்சைப் போட வேண்டும். அன்று பெல்ட் ஐந்து தடவை தானாக நின்றது. முதல் நான்கு தடவையும் அண்ணன் ஹாரன் அடித்துவிட்டு ஓட்டினார். ஐந்தாவது தடவை அடிக்கவில்லை. அப்போது பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளிக்கொண்டிருந்தார் தனவேல். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊர்க்காரர். எப்போதும் பாடிக்கொண்டே வேலை செய்கிற மனிதர். பாட்டு நின்ற பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன்.

விசாரணையில், "ஹாரன் அடித்தேன்" என்றார் அண்ணன். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். "கேட்டதா?" என்றார்கள். "கேட்டது சார்" என்றேன். அவர் என்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லவே இல்லை. வேலை போய்விடுமோ என்று நானாகச் சொன்னேன். எங்கள் இருவர் பேச்சையும் நம்பி, தனவேல் செத்தது அவருடைய கவனக்குறைவால்தான் என்று எழுதி முடித்தார்கள்.

அதன்பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அண்ணன் ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். "அண்ணே, வடலூர் வரைக்கும் எல்லாரும் வெலகிட்டாங்க, ஸ்விட்சப் போடுங்க" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரிக்கமாட்டார். வேதப் படிப்பின் நடுவே எங்காவது ஒரு ஹாரன் சத்தம் கேட்டால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிடுவார். சத்தம் ஓயும்வரை அவர் உதடு அசையும். எண்ணுகிறாரா, ஜெபிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் சபையார் ஏழு பேர் விளக்கிப் பேசுவது வழக்கம். யாருக்கு எந்த வார்த்தை என்பதை அதற்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று டம்ளரில் சீட்டுப் போட்டு எடுப்போம். விபத்துக்கு அடுத்த வருடம் அண்ணனுக்கு முதல் வார்த்தை வந்தது. தாங்கள் செய்வது இன்னதென்று அறியாதவர்களை மன்னிக்கும்படி இயேசு பிதாவிடம் கேட்ட வார்த்தை. ஆராதனை முடிந்ததும், வேறு வார்த்தை எடுத்திருந்த என்னிடம் வந்து, "மாத்திக்கிடுவமா தம்பி?" என்றார். மாற்றிக்கொண்டேன். சில வருடம் கழித்து மறுபடி அவருக்கு அதே வார்த்தை. மறுபடி மாற்றிக்கொண்டேன். காரணம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அவர் சீட்டை நீட்டும்போதெல்லாம் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன்.

மூன்றாம் முறையும் அவருக்கே வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னண்ணே, ஒவ்வொரு தடவையும் இதே வேலையா? உங்களுக்கு வந்தது நீங்க பேசுங்க" என்று கத்திவிட்டேன். அவர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி தம்பி" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கடும் வெயில். கோயிலில் மின்விசிறிகள் சுற்றியும் வேர்த்து ஊற்றியது. அண்ணன் மேடையில் ஏறி நின்று பகுதியை வாசித்தார். பிறகு சொன்னார்: "இந்த ஜெபம் அறியாம செஞ்சவங்களுக்கு. ஆணி அடிச்சவனுக்கு, யாரை அடிக்கோம்னு தெரியாது. ஆனா தெரிஞ்சே செஞ்சவனுக்கு எந்த வார்த்தை? ஏழையும் தேடிப் பாத்தேன்." கையிலிருந்த வேதப் புத்தகத்தை மூடினார். "பக்கத்துச் சிலுவையில ஒரு கள்ளன் இருந்தான். அவன் எடுத்த எடுப்புல, என்னை நினையும்னு கேக்கல. அதுக்கு முந்தி ரெண்டு சொன்னான். எனக்கு வந்தது நியாயம்னான். இவர் ஒரு தப்பும் செய்யலன்னான். குத்தமில்லாதவரைக் குத்தமில்லாதவர்னு சொன்னான். அந்தச் சாட்சிக்குப் பொறகுதான் அவன் கேட்டான். அவனுக்குத்தான் அன்னைக்கே பதில் கிடைச்சது. எனக்கு ஒரு சாட்சி பாக்கி இருக்கு." அவ்வளவுதான். இறங்கிவிட்டார். இருபது நிமிடம் பேச வேண்டியவர் ஐந்து நிமிடத்தில் இறங்கியதால், உடம்புக்கு முடியவில்லை என்று சபையார் நினைத்தார்கள். அது எந்தச் சாட்சி என்று எனக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றார். "குறிஞ்சிப்பாடி வரைக்கும் வாறியா?" போனேன். தனவேலின் மனைவி அஞ்சலை, தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் உட்காரக்கூட இல்லை.

"தாயி, உங்க வீட்டுக்காரர் மேல ஒரு பிசகும் இல்ல. நான் ஹாரன் அடிக்காம ஸ்விட்சைப் போட்டேன். அடிச்சேன்னு பொய் சொன்னேன்."

அந்த அம்மாள் கை நூலோடு அப்படியே நின்றது. "இன்னாங்க சொல்றீங்க? அவரு பாக்காம போயி மாட்டிகினாருன்னுதானே சொன்னாங்க?" அப்படி இல்லை என்று அண்ணன் தலையை ஆட்டினார். "ஐயோ, இத்தினி வருசமா அந்தப் படத்தப் பாத்து ஏசிகினு இருந்தனே! பொட்டப் புள்ளைய வச்சிகினு நான் லோல்படறேன், நீ கண்ணு தெரியாம பூட்டியேன்னு. படையல் போடற அன்னிக்கிகூட ஏசிட்டுதாங்க போட்டேன். ஒண்ணுமே பண்ணாத மனுசன!" உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் செய்தது எவ்வளவு பெரிய பாவம் என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணைச் செத்த புருஷன்மேல் கோபப்பட வைத்திருந்தோம்.

பிறகு அவர் கேட்டார்: "அங்க வேற யாருமே இல்லீங்களா? வேற யாருக்கும் தெரியாதா?"

"யாரும் இல்ல தாயி. நான் மட்டுந்தான்" என்றார் அண்ணன். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"உங்கள ஏசறதுக்குகூட இப்ப எனக்குத் தெம்பு இல்ல. போயிட்டு அப்பறம் வாங்க" என்றார் அந்த அம்மாள்.

பஸ்ஸில் நான்தான் எகிறினேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?" அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அது பொய்தான். அதுக்கும் கர்த்தர்கிட்ட கேட்டுக்கிடுதேன். உன் சாட்சிய நான் எப்படித் தம்பி சொல்லுவேன்?" என்றார். அலுவலகத்திலும் உண்மையை எழுதிக்கொடுத்தார். அதிலும் அவர் பெயர் மட்டும். பெல்ட்டிலிருந்து எடுத்து அவரை ஸ்டோரில் போட்டார்கள். ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. எஸ்தர் அக்காவை அழைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை அஞ்சலையம்மாள் வீட்டுக்குப் போய்வந்தார். முதலில் வாசலோடு அனுப்பியவர், பின்னாளில் சோறு போட்டதாக அக்கா சொன்னார்கள். என்னைக் கூப்பிடவே இல்லை. நான் இதற்குள் ஃபோர்மேன் ஆகிவிட்டேன். வேதப் படிப்பில் அவர் வழக்கம்போல் "அங்க வேற யாரு நின்னா?" என்று கேட்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்பார். பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

புதன்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டு விலகினார்கள். எனக்குக் கை எழவில்லை. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். அஞ்சலையம்மாள்.

"நீங்களும் அந்த ஷிப்டுதானே?" என்றார். "அன்னிக்கி அவரு நான் மட்டுந்தான்னு சொன்னப்ப நீங்க தலைய குனிஞ்சிகினீங்க. அப்பவே தெரியும். அவரக் கேட்டா சொல்லமாட்டாரு. நீங்களா வருவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

எஸ்தர் அக்காவும் சபைப் போதகர் ஐயரும் இன்னும் பத்துப் பேரும் கேட்கும்படி சொன்னேன்: "ஆமாம்மா. ஹாரன் அடிக்கல. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டுச்சுன்னு சொன்னேன். உங்க வீட்டுக்காரர் மேல தப்பு இல்ல."

மன்னித்தேன் என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் கையில் வைத்தார். "மொதல்ல இதப் போடுங்க. அப்பறமா வூட்டுக்கு வந்து முழுசா சொல்லுங்க. எம் பொண்ணும் கேக்கணும்."

போட்டேன்.

போய் வாருங்கள் அண்ணே. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குறிஞ்சிப்பாடி பஸ் ஏறுகிறேன். இந்தத் தடவை நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.