நான்காவது பொத்தான்

லா ஷப்பலில், தமிழ்க் கடைகள் நிறைந்த தெருவில், ஊருக்குப் பொதி அனுப்பும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். மேசையில் சாம்பல் நிறத் தொலைபேசி. அதன் கீழ் வரிசையில் நான்கு பொத்தான்கள். எந்த லைனில் அழைப்பு வருகிறதோ அந்தப் பொத்தானுக்குள் விளக்கு எரியும். ஒருவரைக் காத்திருக்க வைத்துவிட்டு இன்னொருவரோடு நான் பிரெஞ்சில் பேசுவதைப் பொதியோடு வந்தவர்கள் வாய் பார்த்து நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்று லைன்கள்தான் எங்களுடையவை. நான்காவது சும்மா என்று கம்பி இழுத்துத் தொலைபேசியைப் பூட்டியவர் சொல்லியிருந்தார். ஆனால் பொழுது மங்கும் நேரத்தில் அது எரிந்தது. மணி அடிக்கவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் எரிந்து அணைந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

வீட்டில் சொன்னேன்.

“ஒருதரம் கூப்பிட்டிட்டு நிக்கிற குரலுக்கு ஓம் சொல்லக்கூடாது,” என்றார் அம்மா.

“பேய்க்கு இஞ்சை விசா குடுக்கமாட்டாங்கள், அம்மா.”

சொல்லிவிட்டேன். ஆனாலும் அதன் பிறகு பொழுது மங்கினால் கையைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைப்பதில்லை.

பூட்டியவரை மறுபடி அழைத்தோம். அவர் பாண்டிச்சேரிக்காரர். “என்னம்மா, போனுக்கு மந்திரிக்கணுமா?” என்று சிரித்துக்கொண்டே சுவர்ப் பெட்டியைத் திறந்தார். அலுவலகமாக மாறுமுன் இந்த இடத்தில் ஊரிலிருந்து வந்த இளம் பெடியள் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவனுடைய பழைய லைனை யாரும் நிறுத்தவில்லை. அந்தக் கம்பியைத்தான் அவர் தெரியாமல் நான்காவது பொத்தானில் சேர்த்திருந்தார். மணிக்கு இணைப்பு இல்லாததால் விளக்கு மட்டும் எரிந்தது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அது எரிந்தது. சட்டென்று எடுத்தார். “அலோ?”

பிறகு ரிசீவரை என் காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். லைன் அறுந்தது.

மறுநாள் காலை அவர் கம்பியை வெட்ட வந்திருந்தபோது, புறநகர் பியர்ஃபித்திலிருந்து ஒரு அம்மா வந்தார். குளிர்கோட்டுக்கு உள்ளே சேலை. பொதி எதுவும் இல்லை.

“நேற்றுப் பின்னேரம் ஆர் பிள்ளை போன் எடுத்தது?”

அவருடைய மகன் இங்கேதான் தங்கியிருந்தானாம். காசு போகாமலிருக்கத் தாயும் மகனும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒருதரம் அடிக்கவிட்டு வைத்துவிட வேண்டும். மற்றவர் திருப்பி ஒருதரம் அடித்தால் சுகம் என்று அர்த்தம். எடுக்கவே கூடாது. அவன் லண்டனுக்கு லொறியில் ஒளிந்து வெளிக்கிட்ட நாளிலிருந்து திருப்பி அடிக்கவில்லை.

“இந்த நம்பர் எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். வேற ஆரும் எடுத்தால் அவன்ரை இடம் போயிட்டுது எண்டு நான் நினைக்கோணும். அப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போனவன்.” பெட்டிக்கு முன்னால் நின்றவரைப் பார்த்தார். “அதை வெட்டாதேங்கோ, தம்பி.”

குறடு பூட்டியவர் கையில் திறந்தபடி இருந்தது. “நீ சொல்லும்மா,” என்றார் என்னிடம்.

அது அந்த அம்மாவின் மகனுடைய இடம் இல்லை, என்னுடைய மேசை என்று எனக்குத் தெரியும். “விடுங்கோ அண்ணை,” என்றேன்.

பிறகும் விளக்கு தினமும் எரிந்தது. நாங்கள் எடுக்கவில்லை. இப்போது பயம் இல்லை. யார் என்று தெரியுமே.

மாரிக் குளிர் தொடங்கியபோது அந்த அம்மா ஊருக்கு உடுப்புப் பொதி அனுப்ப வந்தார். வெளியே கடை விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. நான் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

நான்காவது பொத்தான் எரிந்தது.

இருவரும் அதைப் பார்த்தோம். என் கை தானாகப் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் ஐஸாக இருந்தன.

“எடாதை. எடுத்தால் இடம் போயிட்டுதெண்டு நினைப்பான்.”

விளக்கு அணைந்தது. அவர் எழுந்து, கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல், இதே நம்பருக்குத் திருப்பி அடிக்க வீட்டுக்கு ஓடினார். பாதி கட்டிய பொதி என் மேசையிலேயே கிடந்தது.

அன்று நான் நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை. விளக்கு இன்னொருதரம் எரியும்வரை உட்கார்ந்திருந்தேன். எரிந்தது. அந்த அம்மாதான் என்று நினைத்துக்கொண்டேன்.